முதல் மோட்டார் சைக்கிள்: எதை அளந்து வாங்குவது?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, நவராத்திரி தொடங்கிய தினத்தன்று, 350 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரி நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டி, அதுவரை 1,28,000 ரூபாய்க்கு விற்றது, அன்று முதல் 1,18,000 ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று. மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குடும்பங்களுக்கு இது நல்ல சகாயம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பத்தாயிரம் ரூபாய் மிச்சம் வீட்டில் தங்குகிறதா, அல்லது “இன்னும் கொஞ்சம் போட்டா பெரிய வண்டியே எடுத்துடலாம்ப்பா” என்று ஷோரூம் வாசலில் நின்று கெஞ்சும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் ஆசைக்குப் படிக்கட்டாகிறதா என்பதே என் மனத்தை வருத்தும் கேள்வி.

வருத்தத்துக்குக் காரணம் உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நிகழ்ந்த விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இந்த எண்களுக்குள் மோசமான சாலைக்கும், குடிக்கும், எதிரே வந்த லாரிக்கும் உரிய பங்கு இருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும், வண்டி வாங்கும் நாளில், ஒரு குடும்பம் தன் கையாலேயே குறைத்துக்கொள்ளக்கூடிய அபாயமும் அவற்றுள் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். முதல் வண்டிக்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல் பிள்ளையின் ஆசையும் தகப்பனாரின் சக்தியும்; கொள்ள வேண்டிய அளவுகோலோ, ஓட்டப்போகிறவருக்கு இன்னும் தெரியாதவை எத்தனை என்பது.

‘எட்டு’ போட்டால் போதுமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்து மைதானத்தில், தரையில் வரைந்த எட்டு வடிவக் கோட்டின்மேல், காலை ஊன்றாமல் வண்டியைச் சுற்றிக் கொண்டுவருவதையே நம் ஜனங்கள் ‘லைசென்ஸ் பரீட்சை’ என்று அறிந்திருக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, பரீட்சையில் தேறுகிறவர் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வது, சைகை காட்டுவது, மற்ற வாகனங்களைக் கடப்பது, திடீரென நிறுத்த நேர்ந்தால் பத்திரமாக நிறுத்துவது முதலிய பலவற்றிலும் தேர்ச்சி காட்ட வேண்டுமென்று விவரமாகச் சொல்லியிருக்கிறது; நடைமுறையில் அவையெல்லாம் அந்த ஒற்றை எட்டுக்குள் சுருங்கிவிடுகின்றன.

எட்டு போடுவது மிக மெதுவான வேகத்தில் சமநிலை காக்கும் வித்தை. அது வேண்டியதுதான். ஆனால் சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே செல்லும்போதும், பழைய மகாபலிபுரம் சாலையில் இடப்பக்கத்துச் சந்திலிருந்து திடீரென்று ஓர் ஆட்டோ தலைகாட்டும்போதும் என்ன செய்வதென்பதை அந்த எட்டு கற்பித்திருப்பதில்லை.

மேலும், நம் சட்டத்தில் படிகள் கிடையா. 18 வயது நிரம்பி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் பெற்ற ஒருவர், அதே நாள் மாலையில் 100 சி.சி. வண்டியையும் ஓட்டலாம், 1,000 சி.சி. வண்டியையும் ஓட்டலாம். பிரிட்டனில் அப்படியில்லை: 17 வயதில் 125 சி.சி. வரை, 19 வயதில் நடுத்தர சக்தி கொண்டவை, வரம்பில்லாத வண்டிக்கு நேராகப் போக விரும்பினால் 24 வயது நிரம்ப வேண்டும். ஜப்பானிலும் 125 சி.சி., 400 சி.சி. என்று படிகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் சட்டம் வகுக்காத அந்தப் படிகளைக் குடும்பமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சி.சி. என்னும் மயக்கம்

பெற்றோரிடம் பேசிப் பார்த்தால், அவர்களுடைய பயமும் தைரியமும் சி.சி. என்ற ஒரே எண்ணைச் சுற்றி நிற்பதைக் காணலாம். “350 வேண்டாம், 150 போதும்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பிள்ளையை ஆபத்திலிருந்து காத்துவிட்டதாக அவர்கள் நிம்மதி அடைகிறார்கள். வாஸ்தவம் வேறு.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் 97 சி.சி. எஞ்சினும், சுமார் 8 குதிரைத் திறனும், 112 கிலோ எடையும் உள்ளது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்குத் திறன் சுமார் 20, எடை 195 கிலோ. யமஹா ஆர்15 வெறும் 155 சி.சி.தான், ஆனால் அதன் திறன் சுமார் 18, எடையோ 142 கிலோ. எடையோடு திறனை ஒப்பிட்டுப் பார்த்தால், ஆக்ஸிலரேட்டரை முறுக்கிய மாத்திரத்தில் சீறிப் பாயக்கூடியது பெரிய 350 அல்ல, சின்ன 155தான் என்பது விளங்கும். கே.டி.எம். 390 டியூக் போன்றவை 40 குதிரைத் திறனுக்கும் மேற்பட்டவை. அனுபவம் முதிர்ந்த கைகளுக்கென்று அமைந்த அவற்றைப் புதிதாகப் பழகுகிறவர் கையில் கொடுப்பதை நியாயப்படுத்த எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

புதிய ஓட்டுநரின் வலக்கை, இன்னும் அவர் மனத்தின் சொல்லைச் சரியாகக் கேட்கப் பழகாத கை. குழியில் சக்கரம் விழும்போது உடல் பின்னால் சாய, கை தன்னையறியாமல் முறுக்கிவிடுவது ஆரம்ப மாதங்களில் எல்லாருக்கும் நேர்வது. எட்டுக் குதிரைத் திறன் கொண்ட வண்டி அந்தப் பிழையை ஒரு சிறு உறுமலோடு மன்னித்துவிடும். நாற்பது கொண்டது மன்னிக்காது.

அமரும் நிலையையும் கவனிக்க வேண்டும். பந்தய வண்டியைப் போல் முன்னால் குனிந்து, மணிக்கட்டில் உடற்பாரத்தைத் தாங்கிக்கொண்டு அமர்கிறவர், நெருக்கடியான தெருவில் கழுத்தைத் திருப்பிப் பக்கங்களைப் பார்ப்பதே சிரமம். நிமிர்ந்து அமர்ந்து, அகலமான கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளும் வண்டியே கற்றுக்கொள்வதற்கு உகந்தது.

கால் தரையில் பதிகிறதா?

இதைச் சொல்லும்போது என் சொந்த அனுபவமொன்றை மறைக்க மனம் வரவில்லை. 1987ஆம் ஆண்டில், எனக்கு இருபத்திரண்டு வயதில், தஞ்சை மாவட்டத்தில் முதல் உத்தியோகம் கிடைத்த மகிழ்ச்சியில், பழைய 350 சி.சி. வண்டி ஒன்றை வாங்கினேன். என் உயரத்துக்கு அது ஒத்துவராதென்று நண்பர்கள் சொன்னார்கள். அதன் சத்தம் என் காதை அடைத்திருந்தது.

ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒருநாள், என் தகப்பனாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கும்பகோணத்திலிருந்து திரும்புகையில், ஒரு வாய்க்கால் மதகின் ஏற்றத்தில், எதிரே வந்த மாட்டுவண்டிக்கு வழிவிடுவதற்காக நிறுத்தினேன். வலக்கால் பிரேக்கின் மேல் இருந்தது; இடக்காலின் பெருவிரல் நுனி மட்டும் ஈர மண்ணைத் தொட்டது; கால் வழுக்கிற்று. ஓடாமல் நின்றுகொண்டிருந்த வண்டிதான் சாய்ந்தது. ஆனால் அதன் முழுப் பாரமும் என் தகப்பனாரின் கணுக்காலின் மேல் விழுந்தது. எலும்பு கூடிய பிறகும், அவர் காலமாகும் வரையில், படியேறும்போது அந்தக் காலை இழுத்துத்தான் வைத்தார். ஒருநாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை என்பதே இன்றளவும் என்னைச் சுடுகிறது.

ஆகையால் என் அனுபவத்தில் முதல் பரீட்சை இது: வண்டியின்மேல் அமர்ந்தால் இரு பாதங்களும், குதிகால் உட்பட, தரையில் பதிய வேண்டும். இருக்கையின் உயரம் ஸ்ப்ளெண்டரில் 785 மில்லிமீட்டர், கிளாசிக் 350இல் 805, ஆர்15இல் 815. மலைப்பாதைக்கென்று அமைந்த வண்டிகளில் இதற்கும் மேல். காகிதத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். மதகின் ஏற்றத்தில் அது அற்பமல்ல.

இரண்டாவது பரீட்சை, எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிப் பார்ப்பது. ஷோரூமின் வாசல் சரிவில் அதைப் பின்னோக்கி இழுத்து, ஒரு சுற்றுத் திருப்பி, சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் தனியே போட்டுப் பார்க்க வேண்டும். 112 கிலோவுக்கும் 195 கிலோவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், வளர்ந்த மனிதர் ஒருவரை எப்போதும் கூடவே சுமப்பதற்குச் சமானம். மோட்டார் சைக்கிள் ஓட்ட முன்வரும் பெண்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அவர்களை “உனக்கு ஸ்கூட்டர்தான் சரி” என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குவதைவிட, இந்த இரு பரீட்சைகளையும் அவர்களே செய்து பார்க்கும்படி விடுவதுதான் மரியாதை.

பிரேக்கின் பாடம்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் தூரம் கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கே சாதாரணமாக ஒரு விநாடி பிடிக்கும். ஆக, பிரேக் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பேருந்தின் நீளத்துக்கும் மேற்பட்ட தூரம் போய்விடுகிறது. வேகம் முப்பதிலிருந்து அறுபதானால், மோதலின் சக்தி இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. பிள்ளைகள் பள்ளியில் பௌதிகப் பாடத்தில் படித்ததுதான். சாலையில் அது நினைவுக்கு வருவதில்லை.

சைக்கிள் ஓட்டிய காலத்தில் “முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவே” என்று பெரியவர்கள் சொன்ன எச்சரிக்கை நம்மவர் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் அது விபரீதம். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையதே. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவரின் பின்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு, மணலிலும் மழை ஈரத்திலும் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும்.

இந்தக் குறையை ஓரளவு நிவர்த்திக்கவே 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். முறையும், அதற்கு உட்பட்டவற்றுக்குக் குறைந்தபட்சம் சி.பி.எஸ். முறையும் கட்டாயமாயின. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிப்பது சி.பி.எஸ்.; சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தருணத்தில், விநாடிக்குப் பலமுறை பிடித்தும் விட்டும் அதைச் சுழலவிடுவது ஏ.பி.எஸ்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதியவருக்கு உகந்ததென்று நான் சொல்லும் 100 முதல் 125 சி.சி. வண்டிகளில் மிகப் பலவற்றுக்குச் சி.பி.எஸ். மட்டுமே உண்டு, உயர்ந்த பாதுகாப்போ பெரிய வண்டியோடு சேர்ந்து வருகிறது. எனினும், ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் போல, 125 சி.சி.யிலேயே ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள் இப்போது கிடைக்கின்றன. வரிக் குறைப்பில் மிச்சமான தொகையைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. குறைந்தபட்சம் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்காவது இருக்கட்டும்.

தினந்தோறும் நெடுஞ்சாலையில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்வர வேண்டியவருக்கு மட்டும் 150, 160 சி.சி.யில், நிமிர்ந்து அமரும் வகையில் ஒன்று வாங்கலாம். மற்றவர்க்கு முதல் ஓராண்டு சிறிய வண்டியே போதும் என்பது என் தீர்மானம்.

பின் இருக்கை

நம் ஊரில் மோட்டார் சைக்கிள் தனிமனிதனின் விளையாட்டுச் சாதனமல்ல. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும், தங்கையை டியூஷனில் கொண்டுபோய் விடுவதும், ரேஷன் அரிசியைப் பெட்ரோல் தொட்டியின்மேல் வைத்துக்கொண்டு வருவதும் அதே வண்டிதான். இந்த மண்ணிலேயே, 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட் திருவொற்றியூரிலிருந்து ராணுவத்துக்குப் போயிற்று. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, விவசாயிக்கும் பால்காரருக்கும் குடும்ப வண்டியாயிற்று. வாலிபர்களின் கனவு முன்னதைப் பற்றியதாக இருக்கலாம். நம் வீடுகளின் தேவை பின்னதையே சார்ந்தது.

ஆகவே, வாங்குவதற்கு முன் அம்மாவையும் அழைத்துச் சென்று பின்னால் உட்காரச் சொல்லிப் பார்க்க வேண்டும். உயரத் தூக்கிய, ஒரு சாண் அகலமுள்ள பின் இருக்கையில் புடவையோடு அமர்வது எவ்வளவு அபாயமென்பதை விற்பனைப் பிரதிநிதி சொல்லமாட்டார். சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ள உறுதியான கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்களல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள்.

மொத்தக் கணக்கு

ஷோரூமில் எழுதித் தரும் ‘ஆன்ரோடு’ விலை கணக்கின் முடிவல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, தாடையையும் மூடக்கூடிய தலைக்கவசங்கள் இரண்டு, கையுறை, கணுக்கால் மறைக்கும் காலணி, மழைச்சட்டை ஆகியவற்றுக்காக வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில்தான் வண்டியைத் தேட வேண்டும். வண்டி வாங்கும்போது பி.ஐ.எஸ். தரத்துக்கு உட்பட்ட தலைக்கவசமொன்றைத் தயாரிப்பாளர் வழங்க வேண்டுமென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138ஆம் விதி சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குவது பிச்சையல்ல, உரிமை.

காப்பீட்டைக் குறித்தும் ஒரு வார்த்தை. புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கே ஈடு தரும். நமக்கு அடிபட்டால் தராது. உரிமையாளரே ஓட்டுநராயின் அவருக்கு 15 லட்சம் ரூபாய் வரை ஈடளிக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உண்டு. அதைச் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக விட்டுவிடுவது பெரும் தவறு.

பிறர் ஓட்டிய பழைய வண்டியை வாங்குவதில் இழிவொன்றுமில்லை. கற்றுக்கொள்கிறவர் வண்டியை ஒருமுறையேனும் கீழே போடுவார் என்பதால் அது விவேகமும் ஆகும். ஆனால் ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, வங்கிக் கடன் தீர்ந்து அந்தப் புத்தகத்திலிருந்து கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வடிவு தேயாமலிருந்தாலும் வயதான ரப்பர் மழையில் கைவிட்டுவிடும்.

இனிச் செய்ய வேண்டியவை

அரசாங்கம் பிரிட்டனையும் ஜப்பானையும் போலப் படிப்படியான உரிமத்தைச் சட்டமாக்க வேண்டும்: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, திறனையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு வரம்பு. சி.சி.யை மட்டும் வரம்பாக வைத்தால் மேலே சொன்ன மயக்கமே சட்டத்திலும் ஏறிவிடும். அது வருமுன்னரே, எட்டு போட்டவர்களை 40 கிலோமீட்டர் வேகத்தில் வரவழைத்து, குறித்த கோட்டுக்குள் நிறுத்திக் காட்டச் சொல்வதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 15ஆம் விதியே போதும்.

விற்பனை நிலையங்கள் மைலேஜையும் மாதத் தவணையையும் எழுதும் பலகையில், இருக்கை உயரத்தையும் எடையையும் அதே அளவு பெரிய எழுத்தில் எழுதும்படி செய்யலாம். கல்லூரிகள், ஆண்டு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு சனிக்கிழமை தங்கள் மைதானத்தைத் திறந்துவிட்டு, அனுபவமுள்ளவர்களைக் கொண்டு பிரேக் பிடிக்கும் பயிற்சி அளிக்கலாம். மைதானமும் சில சுண்ணாம்புக் கோடுகளுமே அதற்குச் செலவு.

பெற்றோருக்கு: பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, பாதுகாவலருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளைக்கோ 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

வண்டி கைக்கு வரும் நாளைப் பற்றியும் ஒரு யோசனை. மாலை சூட்டி, பிள்ளையார் கோயில் வாசலில் பூசை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கியவுடன், சுற்றத்தார் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பிள்ளையை மாலை நேரத்து நெரிசலுக்குள் அனுப்பிவிடுகிறோம். அன்று அந்த வண்டியை மாமாவோ சித்தப்பாவோ, ஓட்டிப் பழகிய வேறு எவரோ வீட்டுக்குக் கொண்டுவரட்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு, பால்காரரைத் தவிர வேறு நடமாட்டமில்லாத பள்ளி மைதானத்துச் சாலையில், பின்னால் யாரையும் ஏற்றாமல், பிள்ளை இருபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பழகட்டும். ஒரு வாரம் கழித்து முப்பதிலிருந்து, அதன்பின் நாற்பதிலிருந்து. தகப்பனார் சாலையோரத்தில் நின்று, நின்ற இடத்தைக் காலடியால் அளந்து சொல்லட்டும்.